துறை சாராத செமினார்களுக்கும் ஆராய்ச்சி மாணவர் போக வேண்டுமா?

உயிர் அறிவியல் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள், வாரந்தோறும் நடக்கும் செமினார்களில் துறை சாராதவற்றை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் போக யாராலும் முடியாது என்றாலும், துறை சாராதவற்றை முதலில் கழித்துவிடாதீர்கள் என்றே சொல்வேன்.

சொந்தத் துறையின் உரையைக் கேட்கும்போது முடிவு சரியாக இருக்கிறதா என்பதிலேயே நம் மனம் நின்றுவிடும்; பிறர் துறையின் உரையிலோ, அந்த முடிவை எப்படி எட்டினார்கள் என்பதைக் கவனிக்க முடிகிறது. ஒரு மரபணுவை நீக்கியதும் அதற்குரிய புரதம் மறைந்துவிட்டது என்று வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களைப் பட்டைகளாகக் காட்டும் சோதனை) படம் ஒன்றைப் பேச்சாளர் காட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் புரதத்தின் பெயரையே நீங்கள் அறியாதவராக இருக்கலாம். ஆனால் அதற்குக் கீழே, ஏற்றிய மாதிரியின் அளவைச் சரிபார்க்க வைக்கும் ஆக்டின் என்ற புரதத்தின் பட்டை, மாதிரிகள் ஏற்றப்பட்ட எல்லாத் தடங்களிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கிறதா, அல்லது புரதம் மறைந்ததாகச் சொல்லப்படும் தடத்தில் மாதிரியே குறைவாக ஏற்றப்பட்டிருக்கிறதா என்று உங்களால் பார்க்க முடியும். இந்தப் பழக்கம் நாளை உங்கள் சொந்தத் தரவையும் காப்பாற்றும்.

சிறிய அறையில் சிலரே கேட்ட உரை ஒரு துறையின் போக்கை மாற்றியதும் உண்டு. 1961இல் மாஸ்கோவில் நடந்த உலக உயிர்வேதியியல் மாநாட்டில், யுராசில் என்ற ஒரே எழுத்தை மட்டுமே கொண்ட செயற்கை ஆர்.என்.ஏ.விலிருந்து பினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தின் சங்கிலி உருவாகிறது என்று அமெரிக்க உயிர்வேதியியலாளர் மார்ஷல் நிரன்பர்க் அறிவித்தபோது கேட்டவர்கள் மிகச் சிலர். அவர்களில் ஒருவரான உயிரியலாளர் மேத்யூ மெசல்சன், டி.என்.ஏ.வின் அமைப்பை வாட்சனோடு கண்டறிந்த பிரான்சிஸ் கிரிக்கிடம் அதைப் பற்றிச் சொல்ல, அதே உரையைப் பெரிய அரங்கில் மீண்டும் நிகழ்த்த கிரிக் ஏற்பாடு செய்தார். எந்த ஆர்.என்.ஏ. எழுத்துகள் எந்த அமினோ அமிலத்தைக் குறிக்கின்றன என்ற மரபுக் குறியீட்டை வாசிக்கும் வேலை அங்கிருந்து வேகம் பிடித்தது. 1968இல் நிரன்பர்க் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இந்த வரலாற்றில் எனக்கு நிரன்பர்க்கைப் போலவே மெசல்சனும் முக்கியமானவர்.

கேள்வி நேரம் தொடங்கியதும் எழுந்து போய்விடாதீர்கள். ஒரு புரதத்தைக் கண்டறியப் பயன்படுத்திய எந்த ஆன்டிபாடி வேறு புரதத்தோடும் ஒட்டிக்கொண்டது, ஆய்வகத்தில் வளர்க்கும் எந்தச் செல் வரிசையில் விளைவு வரவே இல்லை என்பன போன்ற, ஆய்வுக் கட்டுரையில் பெரும்பாலும் இடம்பெறாத செய்திகள் அப்போதுதான் வெளிவருகின்றன. அரங்கில் கேட்கக் கூச்சமாக இருந்தால், வெளியிலிருந்து வரும் பேச்சாளரோடு மாணவர்கள் மட்டும் உரையாடப் பல நிறுவனங்கள் ஒதுக்கும் நேரத்தில் கேளுங்கள். அங்கே உங்கள் மேற்பார்வையாளர் இருக்கமாட்டார். வெளியான ஆய்வுக் கட்டுரைகளைக் கூடி விவாதிக்கும் ஜர்னல் கிளப்பும் கேள்வி கேட்கப் பழக ஏற்ற இடம். ஆய்வைச் சுவரொட்டியாக வைத்து விளக்கும் போஸ்டர் அமர்வுகளில் கூட்டம் கூடியிருக்கும் போஸ்டரை விட, தனியாக நிற்கும் மாணவரின் போஸ்டருக்கு முதலில் போங்கள். நிதானமாக விளக்க அவருக்கு நேரம் இருக்கும்.

மணிக்கு ஒருமுறை செல்களைச் சேகரிக்க வேண்டிய சோதனை ஓடிக்கொண்டிருக்கும் நாளில் மட்டும், எவ்வளவு பெரிய பேச்சாளர் வந்தாலும் தயங்காமல் ஆய்வகத்திலேயே இருந்துவிடுங்கள்.