முதுகில் ஊசி போட்டு எடுக்கும் நீரில் டிமென்ஷியாவை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

மூளையில் இருக்கும் நோய்க்கு முதுகில் ஏன் ஊசி என்று கேட்டிருக்கிறீர்கள். மூளையைச் சுற்றி ஓடும் நீர்தான் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கிறது. மூளை செல்கள் வெளியேற்றும் புரதங்கள் அதில் கலக்கின்றன. கீழ்முதுகில், தண்டுவடம் முடிந்த இடத்துக்குக் கீழே ஊசி போடுவதால் அதில் குத்திவிடும் என்ற பயம் வேண்டாம். பிறகு சிலருக்குத் தலைவலி வரலாம், அவ்வளவுதான் பெரும்பாலும்.

டிமென்ஷியா என்னும் மறதி நோய்க்கு மிகப் பொதுவான காரணமான அல்சைமர் நோயில் முக்கியமாகப் பார்ப்பது அமிலாய்டு பீட்டா 42, டௌ ஆகிய இரண்டு புரதங்களை. அமிலாய்டு மூளையில் படிந்துகொண்டே போகும்போது நீரில் அதன் அளவு கூடாது, குறையும்! மூளையிலேயே சிக்கிக்கொள்வதால் நீருக்கு வந்து சேர்வதில்லை. டௌ, குறிப்பாகப் பாஸ்பேட் சேர்ந்த டௌ, கூடும். சிலரிடம் இயல்பாகவே அமிலாய்டு உற்பத்தி கூடவோ குறையவோ இருக்கும் என்பதால், 42-ஐ மட்டும் பார்க்காமல், அமிலாய்டு பீட்டாவின் இன்னொரு வடிவமான 40-உடன் ஒப்பிட்டு 42/40 விகிதத்தைப் பார்ப்பது நம்பகமானது. சேகரிக்கும் குழாய்கூட முக்கியம்: பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் குழாயில் அமிலாய்டு ஒட்டிக்கொண்டு அளவு குறைவாகக் காட்டும்.

அமெரிக்காவின் மருந்து, மருத்துவச் சோதனைகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2022-இல் இந்த விகிதச் சோதனை ஒன்றுக்கும், 2025-இல் ரத்தச் சோதனைக்கும் அனுமதி தந்தது. அதனால் ஊசியின் தேவை இனி குறையலாம்.

ஆனால் ஒன்று: மறதியே இல்லாத முதியவர்களிலும் அமிலாய்டு மாற்றம் தெரிவதுண்டு. அறிகுறி இல்லாதவர்கள் சும்மா இதைச் செய்து பார்ப்பது என் பார்வையில் தேவையற்ற கவலைதான்.