'அப்பா வீட்டில் இல்லை'

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். பள்ளியில் இந்த வருடம் பண நிர்வாகம் பற்றி வாரம் ஒரு வகுப்பு வைத்திருக்கிறார்கள். வீட்டு வரவு, செலவு, கடன் எல்லாவற்றையும் எழுதிவரச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டு விவகாரம் டீச்சருக்கு எதற்கு? கிரெடிட் கார்டில் கொஞ்சம் பாக்கி உண்டு. கடன் என்ற இடத்தில் 'இல்லை' என்று போடச் சொல்லிவிட்டேன். பையன் கெட்டிக்காரன், என் கணவரின் செல்லுக்கு பேங்கிலிருந்து போன் வந்தால்கூட 'அப்பா வீட்டில் இல்லை' என்று அவனே சமாளித்துவிடுவான். இந்த வயதில் அவனுக்குப் பணக் கவலை தேவையா? பள்ளியில் போய்ப் பேசலாமா?
- செம்பூர் வாசகி, மும்பை

பதில்: பேசுங்கள், தப்பில்லை. ஒரு குடும்பத்தின் நிஜக் கடனை வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்வது சரியல்ல. கற்பனைக் குடும்பம் ஒன்றின் கணக்கைக் கொடுத்துப் பாடம் நடத்தச் சொல்லுங்கள். பள்ளி சம்பந்தப்பட்டது அவ்வளவுதான்.

என்னை உறுத்துவது வேறு. பேங்க் போனை அவனே சமாளிப்பான் என்று போகிற போக்கில், கொஞ்சம் பெருமையாகவே எழுதியிருக்கிறீர்கள். பணக் கவலை தேவையா என்று கேட்கிறீர்களே, அதை அவன் தலையில் ஏற்றியதே நீங்கள் இருவரும்தான். பக்கத்து அறையில் அப்பா இருக்கும்போது 'இல்லை' என்று சொல்கிற பிள்ளைக்குக் கடன் இருப்பது தெரியும். வீட்டில் யாரும் அதைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள் என்பதும் தெரியும். எவ்வளவு, எப்படி வந்தது, எப்போது தீரும் என்பது மட்டும்தான் தெரியாது. பயத்தைக் கொடுத்துவிட்டு விவரத்தை மறைத்திருக்கிறீர்கள். இப்போது பள்ளித் தாளிலும் பொய் எழுத வைத்தாயிற்று.

பெரியவர்கள் வாங்கிய கடனுக்குப் பிள்ளையைப் பதில் சொல்ல வைப்பதை நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன். உங்கள் கணவர் போனை எடுக்க வேண்டும். அது தகப்பனின் கடமை. வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன்னாலும் மாலை 7 மணிக்குப் பின்னாலும் போன் செய்யக் கூடாது, குடும்பத்தாரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லியிருக்கிறது. மீறினால் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுக்கட்டும். மீறாவிட்டால் உட்கார்ந்து பேசட்டும். பாக்கியைக் குறைந்த வட்டியில் மாதத் தவணையாக மாற்றித் தர முடியுமா என்று கேட்கட்டும். பல வங்கிகள் செய்து தருகின்றன.

அப்புறம், வருகிற ஞாயிற்றுக்கிழமை கார்டு ஸ்டேட்மெண்டைப் பையன் முன்னால் எடுத்து வையுங்கள். கடிதத்தில் தொகையே இல்லை. உங்களுக்கும் அது தெரியாதோ என்று எனக்குச் சந்தேகம். தெரியாவிட்டால் நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். 40,000 ரூபாய் பாக்கி, மாத வட்டி 3.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 1,400. வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 252. மினிமம் டியூ, அதாவது அந்த மாதம் குறைந்தபட்சம் கட்டியாக வேண்டிய தொகை என்று 2,000 கட்டினால் அசலில் கழிவது வெறும் 348 ரூபாய். இதை அவனையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வட்டிக் கணக்கைப் பள்ளியில் படித்தவன்தான், ஐந்து நிமிடம் ஆகாது. மாதாமாதம் கட்டியும் கடன் ஏன் அப்படியே நிற்கிறது என்று அவனே உங்களுக்குச் சொல்வான். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் டீச்சர் சொல்வதெல்லாம் அவனுக்கு ஏறும்.

உறவுக்காரர்களோடு உள்ள கொடுக்கல் வாங்கல் மனத்தாங்கல்களை எல்லாம் அவனிடம் கொட்ட வேண்டாம். வரவு, வாடகை, பாக்கி, அது தீர எத்தனை மாதம், இது போதும்.

அவன் பெயரில் ஒரு கணக்கும் தொடங்கலாம். பத்து வயது தாண்டிய பிள்ளைகள் சேமிப்புக் கணக்கைத் தாங்களே இயக்க ரிசர்வ் வங்கி இடம் தருகிறது. தபால் நிலையத்தில் மாதம் 100 ரூபாயில் ஆர்.டி., அதாவது மாதாமாதம் கட்டிச் சேர்க்கும் தொடர் வைப்பு, போடலாம். ஆனால் அதற்கு அவசரமில்லை. இன்று ராத்திரியே கணவனும் மனைவியுமாக அவனைக் கூப்பிட்டு, இனிமேல் அந்தப் போனை நீ எடுக்க வேண்டாம், உன்னைப் பொய் சொல்ல வைத்தது எங்கள் தப்பு என்று சொல்லுங்கள். உங்கள் கணவர் தயங்கினால் இந்தப் பக்கத்தை அவரிடம் கொடுங்கள்.