மனையை விற்பதற்கு முன்னால் மகளின் காதைக் கவனியுங்கள்

ரீயூனியன் தீவின் சேன் தெனியிலிருந்து ஒரு குடும்பம் ஆலோசனைக்கு வந்திருந்தது. பூர்வீகம் புதுச்சேரி. தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய சொல்தா. பெண் பள்ளியின் கடைசி வகுப்பான தெர்மினால் படிக்கிறாள். பாரிஸ் புறநகரான சார்செலில் இருக்கும் பெரியப்பா மகன் டாக்டராகிவிட்டதால் இவளும் டாக்டர்தான் என்று உறவுக்குள் எப்போதோ முடிவாகிவிட்டது. இங்கே இடம் கிடைக்காவிட்டால் ருமேனியாவில் க்ளூஜ் நகரத்தில் பிரெஞ்சிலேயே மருத்துவம் படிக்கலாமாம். அதற்காகப் புதுச்சேரி மனையை விற்கவும் தயாராக இருந்தார்கள். அப்பா கேட்டது ஒன்றுதான்: "பயப்பட ஒன்றும் இல்லையே சார்?"

இருக்கிறது ஐயா. உயிரியலில் 20க்கு 9 வாங்கும் பெண்ணை மருத்துவ முதலாண்டில் உட்கார வைக்கிறீர்கள். பிரான்சின் 2020 மருத்துவப் படிப்புச் சீர்திருத்தத்துக்குப் பிறகு அந்த முதலாண்டைத் திரும்பப் படிக்க முடியாது. அதில் இடம் கிடைக்காதவர்களுக்கு வேறொரு பட்டப்படிப்பின் வழியாக இன்னும் ஒரு வாய்ப்பு, அவ்வளவுதான். அப்புறம் ருமேனியா என்றால் கல்விக் கட்டணம், வாடகை, விமான டிக்கெட் எல்லாம் ஆறு வருடத்துக்கு. ஆர்வம் இல்லாத படிப்புக்கு மனையை விற்காதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேசினேன். வீட்டில் தமிழ், தெருவில் கிரியோல், வகுப்பில் பிரெஞ்சு. மயோத்தே தீவிலிருந்து வந்த தோழிகளோடு பழகியே அவர்கள் மொழியான ஷிமாவோரே பேசுகிறாள், யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஓய்வு நேரத்தில் புரியாத மொழி வானொலியைப் போட்டு, எங்கே ஒரு வாக்கியம் முடிகிறது என்று கண்டுபிடிப்பாளாம். இதைப் பொழுதுபோக்கு என்று வீட்டில் ஒதுக்கிவிட்டார்கள். சம்பளம் கொடுத்து இதைச் செய்யச் சொல்லும் இடம் ஒன்று உண்டு: ராணுவ மொழியாளர் பணி.

"துப்பாக்கி பிடிக்கவா அனுப்பச் சொல்கிறீர்கள்?" என்றார் அம்மா. அடிப்படைப் பயிற்சியில் துப்பாக்கியும் உண்டு, ஓட்டமும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் வேலையின் பெரும்பகுதி ஹெட்ஃபோன். வேற்று மொழியில் வரும் வானொலிப் பேச்சைக் கேட்பது, எழுத்தில் இறக்குவது, பிரெஞ்சில் சுருக்கித் தருவது, எது முக்கியம் என்று மேலே சொல்வது. வளைகுடாப் போர் கற்றுத்தந்த பாடத்தால் 1992-ல் பிரான்ஸ் தனியாக ஒரு ராணுவ உளவு இயக்ககம் அமைத்தது. மொழிப் பயிற்சி தரும் முப்படை உளவுப் பயிற்சி மையம் ஸ்ட்ராஸ்பூர்கில் இருக்கிறது. அலைகளை ஒட்டுக்கேட்கும் ரெஜிமென்டுகளும் அதே அல்சாஸ் பகுதியில்தான்: முட்ஸிக்கில் 44வது, ஹாகெனோவில் 54வது. பெரும்பாலும் சூ-ஒஃபிசியே நிலையில் (அதிகாரிக்குக் கீழே, சிப்பாய்க்கு மேலே) எடுக்கிறார்கள். முதல் நாளிலிருந்தே சம்பளம் உண்டு.

படிப்பு லேசு என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்க ராணுவத்துக்கு மான்டரேயில் இருக்கும் மொழிப் பள்ளியின் கணக்கைப் பாருங்கள்: ஸ்பானிஷுக்கு 36 வாரம், ரஷ்யனுக்கு 48, அரபிக்கும் சீனத்துக்கும் 64. நாள் முழுக்க வகுப்பு, இரவில் வீட்டுப்பாடம். பாதியில் விலகுபவர்கள் அங்கே நிறையப் பேர்.

தேர்ச்சியை அளக்க நேட்டோ நாடுகளுக்குப் பொதுவான ஓர் அளவுகோல் உண்டு, ஸ்டானாக் 6001 என்பார்கள். கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் நான்குக்கும் தனித்தனியாக 0 முதல் 5 வரை மதிப்பு. 2 என்றால் நடந்த விஷயம் புரியும். 3 என்றால் சொல்லாமல் சொன்னதும் புரியும். ஒட்டுக்கேட்கும் வேலையில் அந்த 2-க்கும் 3-க்கும் நடுவில்தான் எல்லாமே இருக்கிறது. சிரித்துக்கொண்டே மிரட்டுகிறானா, நிஜமாகவே சிரிக்கிறானா என்பது 2-ல் தெரியாது.

படிப்பு முடிந்த பிறகுதான் உண்மையான உழைப்பு. புழங்காத மொழி துரு ஏறும், அதிலும் காது ஏமாற்றிவிடும். எழுத்தில் உள்ளதைத் திரும்பிப் பார்த்து வாசிக்கலாம், பேச்சோ நமக்காக நிற்காது. அமெரிக்காவில் மொழிக்கான ஊக்கத்தொகை தொடர வருடா வருடம் தேர்வு எழுதித் தேற வேண்டும். நல்ல மொழியாளர்கள் தினமும் செய்திகளைக் கேட்பார்கள், ஆனால் செய்தி வாசிப்பவரின் சுத்தமான குரலோடு நிறுத்திக்கொள்வதில்லை. சந்தை இரைச்சல், கால்பந்து வர்ணனை, கோபத்தில் கத்தும் பேட்டி, இரைச்சலுக்கு நடுவே பாதி கேட்கும் பதிவு என்று தேடிப் போவார்கள். எண்களுக்குத் தனிப் பயிற்சி: மணி, தேதி, தொலைபேசி எண் இவற்றை வேகமாகச் சொல்லக் கேட்டு அப்படியே எழுத வேண்டும். வருடக்கணக்கில் ஒரு மொழி பேசுபவர்கள்கூட எண்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். அப்புறம் வட்டார வழக்கு. புத்தக அரபியில் தேறியவர் மொரோக்கோக்காரர் பேச்சைக் கேட்டால் முதல் நாள் திகைத்து நிற்பார். வேறு வேலைக்கு மாற்றிவிட்டால் இந்தப் பயிற்சியைச் சொந்த நேரத்தில்தான் செய்ய வேண்டும். வற்புறுத்தி அனுப்பிய பிள்ளை அதைச் செய்யாது. இந்தப் பெண் இப்போதே யாரும் சொல்லாமல் செய்கிறாள்.

ஒரு விஷயத்தில் உங்கள் ஆசையைக் குறைக்கத்தான் வேண்டும். தமிழ் தெரியும் என்பதற்காகச் சிவப்புக் கம்பளம் விரிக்க மாட்டார்கள். எந்த மொழி என்பதை ராணுவம் தன் தேவையைப் பார்த்துச் சொல்லும். ரகசியத் தகவல்களைக் கையாளும் அனுமதிக்கான விசாரணையில் இந்தியாவில் இருக்கும் உறவினர்கள், கடன், சமூக ஊடகப் பதிவு எல்லாம் வரும். எதையும் மறைக்காமல் எழுதுங்கள். என்ன வேலை செய்கிறாள் என்று கல்யாண வீட்டில் பெருமையாகச் சொல்லவும் முடியாது. அல்சாஸ் குளிர் வேறு.

அதனால் பதினெட்டு வயதிலேயே சேர்த்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. முதலில் பாரிஸில் இனால்கோ. 1795-ல் தொடங்கிய கீழை மொழிப் பள்ளி, அரசு நிறுவனம். பட்டப்படிப்புக்கு வருடக் கட்டணம் 200 யூரோவுக்கும் குறைவு. ஷிமாவோரேயின் உறவு மொழியான ஸ்வாஹிலி அங்கே இருக்கிறது, மலகாசி, ரஷ்யன், அரபி, தமிழும்கூட. மூன்று வருடம் கழித்து ராணுவம் வேண்டாம் என்று அவளுக்கே தோன்றினாலும், மருத்துவப் பரிசோதனையில் தவறிவிட்டாலும், பட்டம் கையில் இருக்கும். மொழிபெயர்ப்பு, சுங்கத்துறை, அகதிகளுக்கான துபாஷி வேலை என்று வழி உண்டு. வருமானத்தைப் பொறுத்து மாணவர் நல அமைப்பான குரூஸின் உதவித்தொகையும், விமான டிக்கெட்டுக்குக் கடல்கடந்த பகுதி மக்களுக்கான லாடோம் நிறுவனத்தின் உதவியும் கிடைக்கும். பெரியப்பா அறிவுரைக்குப் பதிலாகத் தங்க ஓர் அறை கொடுத்தால் பெரிய உபகாரம். சார்செலிலிருந்து எர்-எ-எர் டே ரயிலைப் பிடித்து கார் த லியோன் நிலையத்தில் 14வது மெட்ரோவுக்கு மாறினால் கல்லூரிக்குப் பக்கத்திலேயே இறங்கலாம்.

இப்போது செய்ய வேண்டியவை. உயர்கல்வி விண்ணப்பத் தளமான பார்கூர்சுப்பில் இனால்கோவையும் சேருங்கள். மருத்துவத்தையும் வைக்க வேண்டும் என்று பெரியப்பா அடம்பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பதில் வந்ததும் எதை ஏற்பது என்று அவள்தான் சொல்வாள். ராணுவ உடல் தகுதிப் பட்டியலில் செவிக்குத் தனி மதிப்பு உண்டு, ஆகவே ஒரு காது டாக்டரிடம் ஆடியோகிராம் எடுத்துவிடுங்கள், ஹெட்ஃபோனில் சத்தத்தையும் குறைக்கச் சொல்லுங்கள். பிறகு சேன் தெனியில் ராணுவ ஆள்சேர்ப்பு மையமான சிர்ஃபா அலுவலகத்துக்கு அவளைக் கூட்டிப்போய், எத்தனை வருட ஒப்பந்தம், பாதியில் விலகினால் என்ன என்று கேளுங்கள். கேள்விகளை அவளே கேட்கட்டும், நீங்கள் பக்கத்து நாற்காலியில் உட்காருங்கள் ஐயா.