தன் அடையாளத்தை நிரூபிக்கும் டிஜிட்டல் சான்றிதழ் சர்வரிடம் இருக்கும்போது, அதனுடன் இணையும் கிளையன்டிடமும் (பிரவுசர் அல்லது வேறொரு சர்வர்) ஏன் கேட்க வேண்டும்?

இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள். சர்வரின் சான்றிதழ், "நீங்கள் வந்திருப்பது சரியான இடம்தான்" என்று பிரவுசருக்குச் சொல்கிறது. வந்திருப்பவர் யார் என்பது சர்வருக்கு அப்போதும் தெரியாது. அதனால்தான் பெரும்பாலான தளங்கள் கடவுச்சொல் கேட்கின்றன.

இரு தரப்பும் ஒன்றையொன்று சரிபார்க்கும் இருவழிச் சரிபார்ப்பில் (mTLS), இணைப்பு உருவாகும்போதே சர்வர் கிளையன்டிடம் சான்றிதழ் கேட்கும். சான்றிதழை மட்டும் காட்டினால் போதாது. அது ரகசியமல்ல, யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம். இணைப்புக்காக அதுவரை இருவரும் பரிமாறிய செய்திகளின் மீது கிளையன்ட், தன்னிடம் மட்டும் இருக்கும் ரகசியமான தனிச்சாவியால் கையொப்பமிட வேண்டும். சான்றிதழில் உள்ள, அந்தத் தனிச்சாவியின் ஜோடியான பொதுச்சாவியால் சர்வர் அதைச் சரிபார்க்கும். தனிச்சாவி கணினியை விட்டு வெளியே போவதே இல்லை. கடவுச்சொல்லைவிட இது உறுதியானது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

பலர் சறுக்கும் இடம் வேறு. கிளையன்டுகளைச் சரிபார்க்க எந்தச் சான்றளிப்பு அமைப்பை (சான்றிதழ்களை வழங்கும் அமைப்பை) நம்புவது? என்ஜின்எக்ஸ் (nginx) என்ற வலை சர்வர் மென்பொருளின் அமைப்பில் பொதுவான சான்றளிப்பு நிறுவனங்களின் முழுத் தொகுப்பையும் அப்படியே கொடுத்தால், அவற்றிடம் தகுந்த சான்றிதழ் வாங்கிய எவரும் உள்ளே வரலாம். உங்களுக்கென ஒரு தனிச் சான்றளிப்பு அமைப்பை உருவாக்கி, அதை மட்டும் நம்புங்கள். அதன் மூலச்சாவியை (சான்றிதழ்களில் கையொப்பமிடும் தனிச்சாவியை) வலை சர்வரிலேயே வைக்காதீர்கள்.

மடிக்கணினி தொலைந்தால் அதிலிருந்த சான்றிதழை ரத்துப் பட்டியலில் சேர்த்து, அந்தப் பட்டியலைச் சர்வரிலும் புதுப்பிக்க வேண்டும். சேர்க்காவிட்டால் காலாவதியாகும்வரை அது செல்லுபடியாகும். பொதுமக்கள் பயன்படுத்தும் தளத்துக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. சர்வருக்கும் சர்வருக்கும் இடையிலான இணைப்புக்குத்தான் இது கச்சிதம்.