பழவேற்காடு ஏரியில் பூநாரைகள் (ஃபிளமிங்கோ) ஒரு வருடம் நிறைய, ஒரு வருடம் கொஞ்சமாகத் தெரிவது ஏன்?

முதல் காரணம் தண்ணீரின் ஆழம். பூநாரைக்கு நீந்தவும் தெரியும், ஆனால் பெரும்பாலும் அது நடந்துதான் மேயும். தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகைச் சேற்றுநீரில் விட்டு, நாக்கால் நீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளும். அலகின் ஓரத்திலுள்ள சீப்பு போன்ற தகடுகளில் சிற்றுயிர்களும் பாசியும் தங்கிவிடும். இறகின் இளஞ்சிவப்பு இந்த உணவிலிருந்து வருவதுதான். நல்ல மழை பெய்து ஏரி நிரம்பினால் கால் எட்டாது. நீர் இறங்கும்வரை அவை வேறு ஆழமற்ற இடம் பார்த்துப் போய்விடும். முழுக்க வற்றினாலும் இரை இல்லை.

அடுத்தது உப்பு. ஆரணி, காலங்கி, சுவர்ணமுகி ஆறுகளின் நன்னீரும் வங்கக்கடல் நீரும் இங்கே கலக்கின்றன. கடல் நீர் வர, ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் திறந்திருக்க வேண்டும். அங்கே மணல் மேடிட்டு அடைத்தால் கோடையில் நீர் வற்றி உப்பு ஏறும், இறாலும் மீனும் குறையும். முறை வைத்து வலை போடும் 'பாடு' மீனவர்களுக்குத்தான் முதல் அடி. அதனால் முகத்துவாரத்தைக் காப்பது பறவைக்கும் மீனவருக்கும் பொதுவான வேலை என்பேன்.

ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. ஆகவே தமிழ்நாட்டுக் கரையில் காணவில்லை என்றதும் பறவையே வரவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலையின் இருபுறமும் பாருங்கள்.