இறக்கம்தான் ஆளைச் சாய்க்கும்: மலைநாட்டு நெடுநடைக்கு உடம்பைத் தயார்படுத்த கேள்வி பதில்

ஜனவரியில் பெக்கோ டிரெயில் நடக்கப் போகிறோம் என்று சொன்னதிலிருந்து நம்ம ஆட்களிடமிருந்து நிறையக் கேள்விகள். கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பாதை. 22 கட்டங்கள், 300 கிலோமீட்டருக்கு மேல். முழுதாக நடப்பவர்களும் சரி, நாலைந்து கட்டம் மட்டும் நடப்பவர்களும் சரி, பன்னிரண்டு கிழமையாவது முன்னதாகத் தொடங்குங்கள்.

அக்கா, நான் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவள். லயத்திலிருந்து ரோட்டுக்குத் தினமும் ஏறி இறங்குகிறேன். எனக்கும் பயிற்சி வேணுமா? (பொகவந்தலாவை)

வேணும் தங்கச்சி, ஆனால் கொஞ்சம்தான். கொழுந்துப் பாரத்தோடு சரிவில் நாள் முழுக்க நிற்கும் நம் அம்மாமாரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஏற்றம் புதிதில்லை. ஆனால் உங்கள் தினசரி ஏற்றம் சீக்கிரம் முடிந்துவிடும். பயணத்தில் ஒரு கட்டமே சராசரி 13, 14 கிலோமீட்டர், முதுகில் பையோடு, மறுநாளும் அதே. அதனால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அடுத்தடுத்து நீண்ட நடை போங்கள். சனிக்கிழமை களைத்த காலோடு ஞாயிறு காலையில் கிளம்பிப் பழகுவதுதான் உங்களுக்கு முக்கியம்.

போன சீசனில் நல்லதண்ணிப் பக்கமாகச் சிவனொளிபாத மலை ஏறினேன். ஏறும்போது ஒன்றுமில்லை. இறங்கிய பிறகு மூன்று நாள் கால் மடக்க முடியவில்லை. ஏன் அக்கா? (ஹட்டன்)

எல்லாரும் ஏற்றத்துக்குத்தான் பயப்படுகிறார்கள். மூச்சு வாங்குவது அங்கே என்பதால் அப்படித் தோன்றும். தசையைப் பிய்ப்பது இறக்கம். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் ஒவ்வொரு படி இறங்கும்போதும் முன்தொடைத் தசை உங்கள் எடையைத் தாங்கிப் பிடித்தபடியே நீளுகிறது. அப்படி நீளும்போது தசை இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்படும். அன்றைக்குத் தெரியாது, அடுத்த இரண்டு மூன்று நாள்தான் வலி உச்சத்தில் இருக்கும்.

நல்ல செய்தி என்னவென்றால், ஒருமுறை இப்படி வலித்து ஆறிய தசை அடுத்த தடவை அவ்வளவு சேதப்படாது. அந்தப் பாதுகாப்பு சில கிழமைகள் நிற்கும். ஆகவே பயணத்துக்கு முந்திய மாதங்களில் வேண்டுமென்றே இறங்கிப் பழகுங்கள். வீட்டுப் படியின் ஓரத்தில் ஒற்றைக் காலில் நின்று, மறு குதிகாலை மெதுவாக மூன்று எண்ணும் நேரத்துக்குக் கீழே இறக்கித் தரையைத் தொட்டு மேலே வாருங்கள். ஒரு காலுக்குப் பத்துத் தடவை, மூன்று சுற்று, கிழமைக்கு இரண்டு நாள். வழுக்கிக்கொண்டு விழுவது போலத் தொப்பென்று இறங்கினால் பலனில்லை. முழங்காலில் கூர்மையான வலி வந்தால் நிறுத்திவிட்டு டொக்டரிடம் காட்டுங்கள்.

கொழும்பில் வேலை. இங்கே மலைக்கு எங்கே போவது? (வெள்ளவத்தை)

ஃப்ளாட் மாடிப்படி போதும் தம்பி. பையில் தண்ணீர்ப் போத்தல்களை வையுங்கள். ஒரு லீற்றர் ஒரு கிலோ, கணக்குச் சுலபம். லிஃப்டில் இறங்காதீர்கள், நடந்தே இறங்குங்கள். தொடக்க நாட்களில் முழங்கால் கஷ்டப்பட்டால் மேலே போனதும் தண்ணீரை ஊற்றிவிட்டு வெறும் பையோடு வரலாம். கடைசி மாதத்தில் பாரத்தோடுதான் இறங்க வேண்டும்.

பை எத்தனை கிலோ வரைக்கும் போகலாம்? (தலவாக்கலை)

உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். 60 கிலோ ஆள் என்றால் 12. பாதையில் தோட்டங்களும் ஊர்களும் வருவதால் இதைவிடக் குறைத்தும் போகலாம். பயிற்சியை 4, 5 கிலோவில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். தூரத்தையும் பாரத்தையும் ஒரே கிழமையில் கூட்ட வேண்டாம். நாலு கிழமைக்கு ஒருமுறை எல்லாவற்றையும் குறைத்துவிடுங்கள், உடம்பு தேறுவது அப்போதுதான்.

தங்கச்சி, எனக்கு 56 வயது, சீனியும் இருக்கு. வரலாமா? (பதுளை)

தாராளமாக வரலாம் அண்ணே, ஆனால் முதலில் டொக்டரிடம் கேளுங்கள். சில மருந்துகளோடு நீண்ட நேரம் நடந்தால் சீனி திடீரென்று இறங்கிவிடும். பையில் எப்போதும் குளுக்கோஸ் இருக்கட்டும். உணர்வு குறைந்த பாதத்தில் கொப்புளம் வந்தாலும் தெரியாது, தினமும் இரவில் விரல் இடுக்கு வரை பாருங்கள். இரண்டு ஊன்றுகோல் வைத்துக்கொண்டால் இறக்கத்தில் முழங்காலுக்குப் பாரம் குறையும்.

ஹோர்ட்டன் சமவெளி உயரத்துக்குத் தனிப் பயிற்சி வேணுமா? (மாத்தளை)

வேண்டாம். அது ஏறத்தாழ 2100 மீற்றர்தான். கொஞ்சம் கூடுதலாக மூச்சு வாங்கும், வேகத்தைக் குறைத்தால் சரி. குளிர் உடுப்புதான் முக்கியம்.

கடைசிக் கிழமை என்ன செய்வது? (அப்புத்தளை)

நடையைப் பாதியாகக் குறையுங்கள், படிப் பயிற்சியை நிறுத்துங்கள். புதுச் சப்பாத்து அந்த நேரத்தில் வாங்கவே வேண்டாம். பயிற்சியில் போட்டு நடந்த அதே சப்பாத்து, அதே காலுறை. அப்புறம், கிளம்ப இரண்டு நாள் முன்னால் கால் நகங்களை வெட்டிவிடுங்கள். நீண்ட நகம் இறக்கத்தில் சப்பாத்து முனையில் இடித்து இடித்துக் கறுத்துப்போகும்.