123456789: நூறு வரை வகுத்துப் பார்த்தால் போதுமா?

கேள்வி: 123456789-ஐ 9-ஆல் வகுத்தால் 13717421 கிடைக்கிறது. இதை 100-க்குள் உள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்த்துவிட்டேன், ஒவ்வொன்றிலும் மீதி வருகிறது. பகா எண் என்று எழுதிவிடலாமா?

பதில்: கூடாது. வகுத்துப் பார்ப்பதை வர்க்கமூலம் வரை கொண்டுபோக வேண்டும். இங்கே அது 3703.7. 100-க்குள் இருப்பவை 25 பகா எண்கள்தான். 500-ஆவது பகா எண்ணே 3571. அதாவது இன்னும் ஐந்நூறு முறைக்கு அருகில் வகுக்க வேண்டியிருக்கும். அவ்வளவு பாடு வேண்டாம். பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா 1643-இல் காட்டிய வழி இந்த எண்ணுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது.

ஒற்றை எண் ஒன்று இரு காரணிகளின் பெருக்கலாக இருந்தால், அவற்றின் சராசரியின் வர்க்கத்திலிருந்து பாதி வித்தியாசத்தின் வர்க்கத்தைக் கழித்தால் அந்த எண் வரும். ஆகவே வர்க்கமூலத்துக்கு அடுத்த முழு எண்ணிலிருந்து தொடங்குங்கள். 3704-இன் வர்க்கம் 13719616. அதிலிருந்து நம் எண்ணைக் கழித்தால் 2195. ஐந்தில் முடியும் வர்க்க எண் 25-இல்தான் முடியும் என்பதால் இதைப் பார்த்தவுடனே தள்ளிவிடலாம். அடுத்தது 3705. புதிதாக வர்க்கம் போட வேண்டாம், 3704-ஐயும் 3705-ஐயும் கூட்டி வரும் 7409-ஐ முந்தைய 2195-உடன் சேர்த்தால் போதும்: 9604. அது 98-இன் வர்க்கம். காரணிகள் 3705 − 98 = 3607, 3705 + 98 = 3803.

உண்மையில் 3704-ஐத் தொடவே தேவையில்லை. நம் எண்ணை 4-ஆல் வகுத்தால் மீதி 1 (கடைசி இரு இலக்கமான 21-ஐப் பார்த்தாலே தெரியும்). அப்படிப்பட்ட எண்ணுக்குச் சராசரி ஒற்றை எண்ணாகத்தான் இருக்கும். வேலை பாதியாகிறது.

3607-ஐ 59 வரையும் 3803-ஐ 61 வரையும் உள்ள பகா எண்களால் சோதித்தால் இரண்டும் பகா எண்களே. எனவே 123456789 = 3² × 3607 × 3803; வகுத்திகள் 3 × 2 × 2 = 12.

இந்த வழி எல்லா எண்ணுக்கும் ஓடாது. அதே இலக்கங்களைத் திருப்பிப்போட்ட 987654321-ஐ எடுங்கள். 9 போக மிஞ்சுவது 109739369. இங்கே 10476-இல் தொடங்கினால் 190005 வரை ஏறித்தான் விடை கிடைக்கும். காரணிகள் அவ்வளவு தள்ளி நிற்கின்றன. ஆனால் 17-ஆல் வகுத்தால் உடனே விழுந்துவிடும், அதுவும் இரண்டு முறை: 3² × 17² × 379721. ஆகவே நீங்கள் செய்ததுபோல் நூறு வரை வகுப்பது வீண் அல்ல. அதை முதலில் முடித்துவிட்டு ஃபெர்மா வழியில் இருபது முப்பது அடி போய்ப் பாருங்கள். அதற்குள் வராவிட்டால் மீண்டும் வகுத்தலுக்கே திரும்புங்கள்.

1 முதல் 9 வரையுள்ள இலக்கங்களை எப்படி அடுக்கினாலும் கூடுதல் 45, அது 9-ஆல் வகுபடுவதால் அந்த எண்ணும் 9-ஆல் வகுபடும்; எனவே மொத்தம் 362880 அடுக்குகளில் ஒன்றுகூடப் பகா எண் ஆகாது. மேற்கண்ட இரண்டுக்கும் 9-ஐ விடப் பெரிய பொதுக் காரணி கிடையாது. 123456789-ஐ 8-ஆல் பெருக்கினால் 987654312. திருப்பிப்போட்ட எண்ணுக்கு அது சரியாக 9 குறைவு.